எரிமலையடியில் ஒரு குடிபூரல்

உருளைக்கிழங்குத் தோட்டம் பார்ப்பதற்காகப் பாதி உலகத்தைத் தாண்டிப் போன ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். ரொறன்ரோவில், மல்வேர்ன் பகுதியில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள கடையிலேயே கிழங்கை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பனி கொட்டினாலும் நடந்து போய் வாங்கி வரலாம். ஆனால் என் தம்பி யோகன் ஜாவாத் தீவில், ஓர் எரிமலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிராமத்தில் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தான். அவனைக் கூட்டிவரத்தான் போனேன்.

யோகன் கப்பலில் வேலை செய்தவன். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீடு எரிந்தபோது அவன் எங்கோ நடுக்கடலில் நின்றான். நாங்கள் அகதி முகாமில் இருந்து, ஊருக்குப் போய், ஒருவர் பின் ஒருவராகக் கனடா வந்து சேர்ந்தோம். திரும்பிப் போக வீடு இல்லை என்று தெரிந்ததும் அவன் ஜாவாவில் ஒரு துறைமுகத்தில் இறங்கிவிட்டான். அதன் பிறகு பேச்சு மூச்சு இல்லை. கடைசியில் அவனோடு கப்பலில் இருந்த ஒருவர் ரொறன்ரோவுக்கு வந்து, "உங்கட யோகன் அங்கை ஒரு பொம்பிளைப் பிள்ளையைக் கட்டி மலையிலை தோட்டம் செய்யிறான், ஒரு குழந்தையும் இருக்கு" என்று சொன்னார். அம்மா அன்றைக்கு அழுததில் மகிழ்ச்சி எவ்வளவு, வெட்கம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

இந்த நேரத்தில் தங்கை வதனிக்குக் கலியாணம் பொருந்தியது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும், பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று அவர் காலைக் கழுவி உள்ளே அழைத்துப் போகவேண்டும். அப்பா இல்லாதபடியால் கன்னிகாதானம் செய்து கொடுக்கவேண்டியவன் நான். ஒரே ஆள் வாசலிலும் மேடையிலும் நிற்க முடியாது.

"உள்ள பிள்ளை உயிரோடை இருக்கேக்கை நான் கால் கழுவ வெளியாலை ஆள் பிடிக்கிறதோ? நீ போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா" என்றாள் அம்மா.

கப்பல்காரர் தந்த விலாசத்துக்கு எழுதி, யோகனிடம் கையெழுத்து வாங்கி, அவனுடைய விசா எல்லாம் சரியாகியிருந்தது. ஆள் வந்தால் போதும். கலியாணத்துக்கு என்று வருகிறவன் பிறகு அந்தப் பக்கம் திரும்பமாட்டான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மனைவியையும் குழந்தையையும் பிறகு கூப்பிடலாம், கூப்பிடாமலும் விடலாம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

புறப்படும்போது அம்மா என் பெட்டியில் இருந்த இரண்டு சேட்டுகளை எடுத்து வெளியே போட்டுவிட்டு, ஒரு பெரிய பால்மா ரின்னை உள்ளே திணித்தாள். "மலையிலை பாலுக்கு எங்கை போறது? பிள்ளைக்குக் குடு" என்றாள். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் ஒரு கொம்பனியில் கணக்குப் பகுதியில் மதிப்பாக வேலை செய்கிற நான், ஒவ்வொரு விமான நிலையத்திலும் பால்மா ரின்னைத் திறந்து காட்டினேன்.

மலையடிவாரப் பட்டணத்திலிருந்து மேலே போக ஒரு மினிபஸ். அது நிறைந்தால்தான் புறப்படும். நிறைவது என்றால் என்ன என்பதில் அந்தச் சாரதிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. சீற்றெல்லாம் ஆட்கள் இருந்த பிறகு, கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோசு மூட்டைகள் ஏறின. மூட்டைகளுக்கு மேல் மறுபடி ஆட்கள் ஏறினார்கள். என் மடியில், என்னைக் கேளாமலே, ஒரு கிழவி இரண்டு தாரா வாத்துகளை வைத்தாள். பக்கத்தில் இருந்தவர் பள்ளிக்கூட வாத்தியார், கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், மனைவி ஏன் வரவில்லை என்று வரிசையாகக் கேட்டார். எங்கள் ஆட்களைத் தாண்டி வந்துவிட்டேன் என்று நினைத்தது என் பிழை.

பாதி ஏற்றத்தில் எஞ்சின் கொதித்துப் புகைந்தது. எல்லோரும் இறங்கினார்கள். ஒருவன் ஓடையில் தண்ணீர் எடுக்கப் போனான். மற்றவர்கள் வீதியோரத்தில் குந்தி இருந்து அவித்த கச்சான் கடலை சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சாரதியை ஏசவில்லை. மல்வேர்ன் பஸ் கொஞ்சம் பிந்தினால் நாங்கள் சாரதியின் காதில் விழத்தக்கதாகத் தமிழில் அவன் பரம்பரையையே திட்டுவோம். இங்கே ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக எரிச்சல் மூட்டியது.

"ஏன் ஒருவரும் கோபப்படவில்லை?" என்று வாத்தியாரைக் கேட்டேன்.

"கோபப்பட்டால் எஞ்சின் ஆறிவிடுமா?" என்று கேட்டு எனக்கும் ஒரு பிடி கச்சான் தந்தார். வாங்கிச் சாப்பிட்டேன். உப்புக் காணாது.

பஸ் நின்ற இடத்திலிருந்து ஊருக்குச் சேற்றில் நடக்கவேண்டும். போகப் போகக் கூழ்முட்டை மணம். நிலத்திலிருந்து அங்கங்கே ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. மனிதர் குடியிருக்க வேண்டாம் என்று மலை தன் வாயால் சொல்லியும், அதன் மேல் ஏறி வீடு கட்டிக் கிழங்கு நட்டிருக்கிறார்கள். குளிரும் குறைவில்லை. ரொறன்ரோவில் குளிர் வெளியே, நாங்கள் உள்ளே. இங்கே மூங்கில் தட்டிச் சுவருக்குள்ளால் குளிரும் வீட்டு ஆளைப்போல வந்து போனது.

யோகன் சாரத்தைத் தோளில் போர்த்து, முழங்கால் மட்டும் றப்பர் சப்பாத்துப் போட்டு, வரம்பில் நின்றான். "வாங்கோ அண்ணை" என்றான், அடுத்த ஒழுங்கையிலிருந்து வந்தவனைக் கூப்பிடுகிற மாதிரி. வழியெல்லாம் ஏச்சுச் சேர்த்து வைத்திருந்தேன். கட்டிப்பிடித்ததும் ஒன்றும் வரவில்லை. அவன் மேலில் மண்ணும் கராம்புச் சுருட்டும் மணத்தன. அழுதுவிட்டேன். அவனும் அழுதான். பார்த்துக்கொண்டிருந்த ஊர்ச்சனம் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

அவன் மனைவி சுமினா குனிந்து வந்து என் கையைத் தொட்டுத் தன் நெஞ்சில் வைத்தாள். சிறிய உருவம், பெரிய கண். இடுப்பில் பெண் குழந்தை. பெயர் ரத்னா என்றார்கள். எங்கள் அம்மாவின் பெயர் இரத்தினம். "அம்மாவின்ரை பேரோ?" என்று கேட்டேன். "ஓம் அண்ணை. இஞ்சையும் இருக்கிற பேர்தான், ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை" என்றான். அவனுடைய பெயரும் யோகோ ஆகிவிட்டிருந்தது. சமயமும் மாறிவிட்டதா என்று கேட்டுவரச் சொல்லியிருந்தாள் அம்மா. கேட்க வாய் வரவில்லை.

சுமினா தேநீர் வைத்தாள். வீட்டார் குடியுங்கள் என்று சொல்லும்வரை விருந்தாளி தொடக்கூடாது என்பது அவர்கள் மரியாதை. சொல்லமுதல் குடிப்பது அவக்கேடு என்பது எங்கள் மரியாதை. சுமினா தன் கணவன் சொல்லட்டும் என்று வெட்கத்தோடு நின்றாள். அவனோ குழந்தையோடு வெளியே போய்விட்டான். அந்தக் குளிரில் கண்ணெதிரே ஒரு நல்ல தேநீர் ஆறிப் பச்சைத்தண்ணீராகும்வரை நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தோம்.

இரவுச் சாப்பாடு சோளக்குருணல் கலந்த சோறு, பூஞ்சணம் பிடிக்க வைத்துக் கட்டியாக்கிய சோயா அவரையின் பொரியல், கோவா, உறைப்புச் சம்பல். சம்பல் நன்றாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். சோயாக்கட்டியை வாயில் வைத்தபோது, பூஞ்சணம் பிடித்ததை நாங்கள் எறிவோம், இவர்கள் பொரிக்கிறார்கள் என்று நினைத்தேன். யோகன் அதில் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டான்.

மறுநாள் காலையில் விசயத்துக்கு வந்தேன். அம்மா, கலியாணம், விசா எல்லாம் சொன்னேன். அவன் தலையை ஆட்டிக் கேட்டான். பிறகு என்னைக் குசினியின் பின்பக்கம் கூட்டிப் போய் மூலையில் இருந்த சாக்கை விலக்கினான். தரையில் வெடிப்பு. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"இது மாமனாரின்ரை காணி. போன மழையோடை இது வெடிச்சிட்டுது" என்றான். "கீழை நான் சொந்தமா ஒரு துண்டு வாங்கி வைச்சிருக்கிறன். முதல் வீட்டை அங்கை மாத்தவேணும் அண்ணை. மாத்திப்போட்டுக் கதைப்பம்."

"மாத்துறதெண்டால்? புதுசாக் கட்டப்போறியோ?"

"இல்லை. இந்த வீட்டைத்தான் தூக்கிக்கொண்டு போறது."

பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். இல்லை. அந்த ஊரில் வீடு மாறுவது என்றால் வீட்டையே மாற்றுவது. ஊர் ஆண்கள் எல்லோரும் கூடி மரச்சட்டத்தோடு வீட்டைத் தோளில் தூக்கிக் கொண்டுபோய்ப் புதிய இடத்தில் வைப்பார்கள். கூலி கிடையாது. சாப்பாடு போட்டால் சரி. நாளைக்கு இன்னொருவன் வீட்டுக்கு இவன் தோள் கொடுப்பான். ஆகக் குறைந்தது குழந்தையைச் சூடான நிலத்திலிருந்து அப்பால் வைத்துவிட்டு என்னோடு வரப்போகிறான், பொறுப்பானவன்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் வீட்டை எப்போது தூக்குவது? அதற்கு நாள் பார்க்கவேண்டுமாம். அவர்களுடைய சந்தைக் கிழமைக்கு ஐந்து நாள். அதையும் நம்முடைய ஏழு நாளையும் பொருத்தி, கணவன் மனைவி பிறந்த நாட்களையும் கூட்டிக் கழித்து, ஊர்ப் பெரியவர் கார்த்தோ ஐயா ஒரு நாள் சொன்னார். அது வர இன்னும் சில நாட்கள் இருந்தன. கனடாவிலிருந்து வேலைக்கு லீவு போட்டு வந்தவனை, சந்தை நாளைக் காட்டி மறித்து வைக்கிறார்கள். இந்த நூற்றாண்டிலும் இப்படி ஒரு சனமா என்று யோகனைக் கேட்டேன்.

"நீங்கள் என்ன நாள் வெளிக்கிட்டனீங்கள் அண்ணை?" என்றான்.

அட்டமி நவமி கழித்து, இராகு காலம் முடிந்த பிறகுதான் அம்மா என்னைப் படியிறங்க விட்டாள். அது வேறு. அது எங்களுடையது.

அந்த நாட்களில் அவனோடு தோட்டத்துக்குப் போனேன். கறுத்த மண். காலை வைத்தால் கணுக்கால்வரை புதையும். வீட்டில் கிணற்றடி வாழைக்குத் தண்ணீர் கட்டச் சொன்னால் வயிற்றுக்குத்து என்று படுத்தவன், இங்கே விடியமுதல் எழும்பிச் செங்குத்துச் சரிவில் பசளைக் கூடை தூக்கினான். போகிற வருகிறவர்கள் எல்லோரும் "யோகோ, யோகோ" என்று நின்று பேசினார்கள். எங்கே போகிறாய் என்பதுதான் கேள்வி. தோட்டத்துக்கு என்று பதில். மண்வெட்டியோடு தோட்டத்து வழியில் போகிறவனைப் பார்த்து இதை ஒவ்வொரு நாளும் கேட்டார்கள். யோகன் அலுக்காமல் பதில் சொன்னான்.

"அங்கை வந்தால் இந்த முதுகு முறியிற வேலை இல்லை. ஹீற்றர் இருக்கு. சுடுதண்ணி இருக்கு" என்றேன்.

"இஞ்சையும் சுடுதண்ணி இருக்கண்ணை" என்று ஆவி கிளம்பும் இடத்தைக் காட்டினான். ஊரே அதில்தான் குளித்தது.

வீடு தூக்கும் நாளுக்கு முதல்நாள், சுமினா யோகனின் ஒரே நல்ல காற்சட்டையைக் கரி இஸ்திரிக்கை போட்டு அழுத்தி, இரண்டு சேட்டோடு ஒரு சீலைப்பையில் வைத்துக் கட்டி, வாசல் கதவோரம் சார்த்தி வைத்தாள். என்னைப் பார்த்தபோது புன்னகைத்தாள். பிறகு குசினிக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை. எனக்கு மனம் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் வந்த வேலை முடிந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தேன்.

அடுத்த நாள் விடியவே ஊர் கூடிவிட்டது. கூரைத் தகரங்களைக் கழற்றினார்கள். சட்டிபானை, பாய், அந்தச் சீலைப்பை எல்லாம் முற்றத்தில் இறங்கின. தூண்களைச் சுற்றி நீள மூங்கில்களைக் கட்டினார்கள். நான் ஓரமாக நின்று பார்க்கத்தான் நினைத்திருந்தேன். ஒருவர் என் முதுகில் கைவைத்து ஒரு மூங்கிலின் கீழ் கொண்டுபோய் நிறுத்தினார். மறுப்பதற்கு எனக்கு அவர்கள் மொழி தெரியாது.

கார்த்தோ ஐயா ஏதோ கூவினார். எல்லோரும் மூச்சை இழுத்தார்கள். வீடு எழும்பியது. நான் மனுசனாய்ப் பிறந்து வீட்டுக்குள் இருந்திருக்கிறேன், வீட்டு லோன் சுமந்திருக்கிறேன், வீட்டைச் சுமந்தது அன்றைக்குத்தான். சரிவில் அடியெடுத்து வைக்க வைக்க மூங்கில் தோளை அறுத்தது. ரொறன்ரோ ஈற்றன் சென்ரரில் வாங்கிய சப்பாத்தில் ஒன்று சேற்றில் நின்றுவிட்டது. முன்னால் நின்றவன் பாட்டுப் பாடினான். பின்னால் நின்றவன் அதற்குக் கெட்ட வார்த்தையில் பதில் பாடியிருக்கவேண்டும், எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தால் வீடு குலுங்கியது. எனக்கு முன்னால் என் தம்பியின் பிடரி. வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஏன் என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை.

கீழே புதிய காணியில் நாட்டியிருந்த கற்களின் மேல் வீட்டை இறக்கினார்கள். தூண்கள் கற்களில் சரியாகக் குந்தின. தகரங்கள் மறுபடி ஏறின. கார்த்தோ ஐயா அரபியில் ஒரு பிரார்த்தனை ஓதினார். பிறகு ஜாவா மொழியில், மலையைப் பார்த்து, தெரிந்தவரோடு பேசுவதுபோல் ஏதோ சொன்னார். பெண்கள் விளக்கு, தண்ணீர்க் குடம், பாய், தலையணை, விளக்குமாறு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்கள். விளக்கை எடுத்து என் கையில் தந்தார்கள். விருந்தாளிக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து, ஒற்றைச் சப்பாத்தோடு முதலாவதாக உள்ளே போனேன்.

விளக்கை வைத்துவிட்டுத் திரும்பினால், பாய் விரித்து, சோற்றைக் கோபுரமாகக் குவித்து, சாப்பிட ஆயத்தமாகிறார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னடா இது, பால் காய்ச்சாமல் குடிபோறதோ?" என்றேன் யோகனைப் பார்த்து.

"இஞ்சை அந்த வழக்கம் இல்லை அண்ணை."

"அவைக்கு இல்லாட்டி உனக்கும் இல்லையோ? ஆருக்குப் பிறந்தனி?"

புதுமனை புகுகிற குடிபூரல் என்று ஒன்று நடந்தால் அது ஒழுங்காக நடக்கவேண்டும். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டச் சொன்னேன். கிழக்கு எது என்று கேட்டேன். சுமினாவிடம் புதுப்பானை வாங்கினேன். அம்மா தந்த பால்மா ரின்னை எடுத்து, தண்ணீரில் கட்டியில்லாமல் நானே கரைத்து அடுப்பில் ஏற்றினேன். சோற்றை விட்டுவிட்டு ஊரே சுற்றி நின்று பார்த்தது. பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தபோது எனக்கு அப்படி ஒரு திருப்தி. ஏதோ இந்தச் சனத்துக்கு நாகரிகம் சொல்லிக் கொடுத்துவிட்ட மாதிரி. எல்லோருக்கும் ஆளுக்கொரு வாய் ஊற்றிக் கொடுத்தேன். முதல் வாய் ரத்னாவுக்கு.

கார்த்தோ ஐயா பாலைக் குடித்துவிட்டு என் தோளைத் தொட்டு நீளமாக ஏதோ சொன்னார். யோகன் உடனே மொழிபெயர்க்கவில்லை. கேட்ட பிறகுதான் சொன்னான்.

"முந்தின வீட்டுக்கு விளக்குக் கொண்டுவந்தது சுமினாவின்ரை ஆக்களாம். இந்தக் காணி என்ரை எண்டபடியால், என்ரை இரத்தத்திலை ஒருத்தர் கொண்டுவரவேணுமாம். அதுக்குத்தான் வெடிச்ச நிலத்திலையும் பொறுத்து இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டு இருந்தவையாம். இப்ப அண்ணன் வந்து விளக்கும் வைச்சு, எங்கட முறையிலை பாலும் காய்ச்சினபடியால், இனி நான் வந்தான் வரத்தான் இல்லையாம். ஊரானாம்."

சோற்றை வைத்துவிட்டு வெளியே பார்த்தேன். முற்றத்தில் அந்தச் சீலைப்பை தனியே கிடந்தது. மற்றச் சாமானெல்லாம் உள்ளே போய்விட்டன. சுமினா அதைத் தொடவே இல்லை. வாசல்படியில் நின்று அதையும் அவனையும் பார்த்துக்கொண்டிருந்தாள். யோகன் எழும்பிப் போய்ப் பையை எடுத்தான். சேற்றைத் தட்டினான். என் முகத்தைப் பார்க்காமல் என்னைக் கடந்து உள்ளே போய், காற்சட்டையை எடுத்து விரித்து, சுவரில் இருந்த ஆணியில் கொழுவினான்.

"அம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?" என்று கேட்டேன்.

"நடந்ததைச் சொல்லுங்கோ அண்ணை" என்றான்.

நடந்ததைச் சொல்வது இலகு என்று நினைக்கிறான். மறுநாள் கோவா மூட்டைகளுக்கு நடுவில் கீழே இறங்கினேன். மடியில் சுமினா கட்டித்தந்த கிழங்கு. அதைச் சுங்கத்தில் பறித்து எறிந்தார்கள்.

ரொறன்ரோ விமான நிலையத்தில் அம்மாவும் வதனியும் நின்றார்கள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் கதவு திறந்து மூடுவதையே பார்த்தாள். வருகிறவர்கள் எல்லாம் வந்து முடிந்த பிறகுதான் என் பெட்டியைப் பார்த்தாள்.

"பிள்ளை பால் குடிச்சுதோ?" என்றாள்.

"குடிச்சது. உங்கட பேர்தான் வைச்சிருக்கிறான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மிச்சப் பால்மா?"

"எல்லாம் முடிஞ்சுது. அவன் புது வீட்டுக்குப் போனவன். பால் காய்ச்சினது."

"ஆர் காய்ச்சினது?"

"நான்தான்."

"பொங்கிச்சுதோ?"

"பொங்கிச்சுது. கிழக்காலை."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் அந்த ஊரைப் பார்த்த அதே பார்வை.

"கூட்டிக்கொண்டு வா எண்டு அனுப்பினால், குடியிருத்திப்போட்டு வந்து நிக்கிறான்" என்றாள். பிறகு வதனியின் பக்கம் திரும்பினாள். "பிள்ளை, மாப்பிள்ளையின்ரை கால் கழுவ சித்தப்பான்ரை மூத்தவனைக் கேட்டுப் பாரன்."